பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா? – மதுரையைப் படம் பிடித்த கதை



பென்ஷன் வாங்கும் நம் வட்டத்தில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி அடிபடுகிறது. கேமரா ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்; மிரர்லெஸ் என்கிறார்களே அதை வாங்குவதா, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சின்னக் கேமராவை வாங்குவதா என்பதுதான் அது. விலையும் மாடல் நம்பரும் சொல்ல வீட்டுக்கு வீடு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது பழைய கதை. ஏனென்றால் இந்தக் கேள்வி நேற்றுப் பிறந்ததல்ல. போட்டோ என்ற ஒன்று உண்டானதிலிருந்து கூடவே வருகிறது. அந்தக் கதையில் நம் மதுரைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்குப் போட்டோ என்பதே பிரெஞ்சுக்காரர் சமாசாரமாகத்தான் பாடத்தில் வந்தது. நியெப்ஸ் என்பவர் 1820களில் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளை ஓர் உலோகத் தகட்டில் பதியவைத்தார். அதற்குப் பல மணி நேரம் வெயில் வேண்டியிருந்தது. அவர் 1833இல் காலமானார். அவருடைய கூட்டாளி தகேர் அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தார். 1839 ஜனவரி 7ஆம் தேதி அராகோ என்ற விஞ்ஞானி பாரிஸில் அறிவியல் கழகத்தின் முன் இதை அறிவித்தார். ஆகஸ்டு 19ஆம் தேதி செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது.

நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி இனிமேல்தான். பிரெஞ்சு அரசு இந்த வித்தையை விலைக்கு வாங்கவில்லை. பென்ஷன் கொடுத்தது! தகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க், ஆயுள் முழுக்க. அவர்களுக்குப் பின் மனைவிமாருக்குப் பாதித்தொகை. குடும்ப ஓய்வூதியம் சகிதமாகப் பிறந்த கலை இது என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த முதல் கேமரா பெரிய மரப்பெட்டி. பெட்டி, தகடுகள், மருந்துகள், பாதரசம் காய்ச்சும் கருவி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 50 கிலோ, அதாவது அரை மூட்டை நெல்லுக்கு மேல். பிரெஞ்சில் கேமராவுக்கு முன்னோடியான கருவியை ‘ஷாம்ப்ர் நுவார்’ என்பார்கள். இருட்டறை என்று பொருள். கேமரா என்ற சொல்லுக்கும் லத்தீனில் அறை என்றுதான் பொருள். ஆக, முதலில் அது அறை. பிறகு பெட்டி. பிறகு பை. இன்று பைக்குள் இருக்கும் போனில் ஒரு பொட்டு. இந்த 180 வருஷக் கதையும் ஒரே கதைதான்: எதை விட்டுக்கொடுத்து எதைச் சின்னதாக்குவது?

மாட்டு வண்டியில் வந்த கேமரா

மதுரைக்கு வருவோம். லின்னேயஸ் ட்ரைப் என்று ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1822இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1854இல் சொந்த ஆர்வத்தில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855இல் பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு சென்று 200க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். இதைப் பார்த்த சென்னை அரசு அவரையே அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்ப் புரட்சியின் நெருப்பு அணையாத நேரம் அது.

அவருடைய நெகடிவின் அளவு ஏறத்தாழ 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். நாம் ஆபீசில் எழுதித் தள்ளிய ஃபுல்ஸ்கேப் தாளைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சடிப்பது நடைமுறையில் கிடையாது. எந்த அளவு படம் வேண்டுமோ அந்த அளவு நெகடிவ் வேண்டும். அந்த அளவுக்குப் பெட்டியும் வேண்டும். ஆகவே கேமராவும் முக்காலியும் மருந்துப் புட்டிகளும் மாட்டு வண்டியில்தான் ஊர் ஊராகப் போயின.

கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசிப் படமெடுக்கும் முறை அப்போது வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் வெயிலில் அந்த மருந்து படம் எடுத்துக் கழுவுவதற்குள் காய்ந்துபோகும். ஆகையால் கட்டடங்களுக்கு ட்ரைப் பெரும்பாலும் நம்பியது காகிதத்தை. காகிதத்தில் முதலில் மெழுகேற்றி, பிறகு வெள்ளி மருந்தில் நனைத்து, உலர்த்தி வைத்துக்கொள்ளும் முறையைக் கண்டு 1851இல் வெளியிட்டவர் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர். முன்கூட்டியே தயார் செய்து பல நாள் வைத்திருக்கலாம் என்பது இதன் வசதி. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்டவேண்டும் என்பது இதன் சங்கடம்.

1858இல் வெளியான அவருடைய மதுரைப் படங்கள் நான்கு தொகுதிகள். வைகை ஆறும் அதைக் கடக்கும் பாதையும், தெப்பக்குளம், புதுமண்டபத் தூண்கள், கோயில் பிராகாரம், அம்மனின் நகைகள், திருமலை நாயக்கர் மஹால் என்று அதில் பலவும் உண்டு. கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணும் உண்டு. இன்று அதைச் சுற்றி ஜவுளிக்கடைக் கூட்டம் மொய்க்கிறது. ட்ரைப்பின் படத்தில் அது தனியாக நிற்கிறது.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது முதலில் தோன்றுவது, ஊரில் ஆளே இல்லையா என்பதுதான். ஆட்கள் இருந்திருப்பார்கள். நிமிடக்கணக்கில் திறந்திருக்கும் பெட்டிக்கு முன்னால் நடந்துபோகிறவன் பதிய மாட்டான். அசையாமல் நின்றவர்கள் மட்டும் ஆங்காங்கே பதிந்திருக்கிறார்கள். கல் பதிந்தது, மனிதர் பதியவில்லை. பெரிய பெட்டியின் குணமும் குறையும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

குணத்தைச் சொல்லிவிடுகிறேன். மஹாலை நாம் இன்று பார்க்கும் நிலை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு ஏற்பாடு செய்த பழுதுபார்ப்புக்குப் பிந்தையது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த கோலம் ட்ரைப்பின் படங்களில் இருக்கிறது. எது நாயக்கர் காலத்துச் சுதை, எது பின்னால் பூசியது என்று ஆராய்கிறவர்களுக்கு அது சாட்சி. தஞ்சாவூரில் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாகச் செய்தார். எழுத்துகள் தெரியும்படி எடுத்த படம் அது. அதற்குத்தான் அத்தனை பெரிய பெட்டி.

இதற்கு முடிவு என்ன தெரியுமா? 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். இது வீண் ஆடம்பரம் என்று முடிவு செய்து அந்தப் பிரிவையே மூடச் சொல்லிவிட்டார். நம் ஊழியத்தில் நாம் பார்த்த தணிக்கை ஆட்சேபணைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ரைப் 1902 வரை உயிரோடு இருந்தார். ஆனால் 1860க்குப் பிறகு அவர் படம் எடுத்தது மிகச் சொற்பம்.

கைக்குள் அடங்கிய கேமரா

பெட்டி சின்னதாகத் தொடங்கியது அமெரிக்காவில். ஈஸ்ட்மன் 1888இல் சுருள் பிலிம் போட்ட கோடாக் கேமராவை விற்றார். பொத்தானை அழுத்துவது மட்டும் வாங்கியவர் வேலை. கழுவி அச்சடிப்பது கம்பெனியின் வேலை. 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி என்ற பெட்டிக் கேமரா வந்தது. படம் எடுப்பது அதோடு வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டியது.

ஆனால் சின்னப் பெட்டியில் தரமான படமும் எடுக்கலாம் என்று காட்டியது ஜெர்மனியின் லைக்கா. ஆஸ்கர் பார்னாக் என்ற மெக்கானிக்குக்கு ஆஸ்துமா. கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, 36க்கு 24 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி ஒரு சின்னக் கேமரா செய்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. மூச்சிரைப்பு ஒன்று உலகத்துக் கேமராக்களின் அளவையே மாற்றியது. மூட்டுவலியோடு கேமரா வாங்க நினைக்கும் நமக்கு இது ஆறுதலான சரித்திரம்.

அந்த லைக்காவைக் கையில் பிடித்த ஒருவர் நம் பக்கம் வந்தார். பெயர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1908இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். கேமராவின் பளபளக்கும் பாகங்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, ஃபிளாஷ் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் எடுப்பது அவர் வழக்கம். 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்திஜியைச் சந்தித்துவிட்டு வெளியே போன கொஞ்ச நேரத்தில் அவர் சுடப்பட்டார். திரும்பி ஓடிவந்து, விளக்கு வெளிச்சத்தில் கலங்கி நின்ற கூட்டத்தையும் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார்.

அவரே 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள். திருச்சுழியில் பிறந்து, 1896இல் நம் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் மரண அனுபவம் பெற்று, ஊரைவிட்டுப் போன அதே ரமணர்தான். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47க்கு அவர் அடங்கிய நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி கடந்து போனதைக் கண்டு மணி பார்த்தவர்களில் இந்தப் பிரெஞ்சுக்காரரும் ஒருவர். அதே மாதம் புதுச்சேரிக்கு வந்து, வெகுகாலமாகப் படம் எடுக்க அனுமதிக்காத அரவிந்தரையும் எடுத்தார். அவ்வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமானார். எனக்கு அப்போது நடக்கவும் தெரியாத வயது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் படங்களைப் பற்றிப் பேசியதைப் பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நோயாளி படுத்திருக்கும் சின்ன அறையில் ட்ரைப்பின் பெட்டி நுழையுமா? நுழைந்தாலும் அவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருப்பாரா? அதே போல, 19 அடிக் கல்வெட்டை எழுத்து எழுத்தாக எடுக்க அந்த நாளைய லைக்கா பிலிம் போதுமா? அளந்து வைத்த காரியத்துக்குப் பெரிய பெட்டி. போனால் வராத நொடிக்குச் சின்னப் பெட்டி.

நம் காலத்துப் பெட்டி

1960களில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய கேமரா ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்கு 12 படம். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வைத்திருந்தார். கல்யாணம், காட்சி என்றால் இரவல் வரும். 12இல் எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று அப்பா டைரியில் குறித்துக்கொள்வார். கழுவி வரும் நெகடிவைப் பிரெஞ்சில் ‘கிளிஷே’ என்போம். படம் கிழிந்தால் போகட்டும், கிளிஷே பத்திரம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஊட்டியில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் வந்தது. நம் தலைமுறையின் கறுப்பு வெள்ளைக் கல்யாண ஆல்பங்களில் பாதி அந்த மலையில் செய்த பிலிமாக இருக்கும்.

கூர்ந்து கேளுங்கள். ட்ரைப்பின் பெட்டியில் நிலைக்கண்ணாடி கிடையாது. லைக்காவில் கிடையாது. கிளிக் 3இல் கிடையாது. இன்றைக்குப் புதுமை என்று விற்கும் ‘மிரர்லெஸ்’ என்பது நம் பாட்டனார் காலத்துச் சரக்கு! நடுவில்தான் கண்ணாடி வந்தது. லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணும் பார்க்கவேண்டும் என்பதற்காக, பிலிமுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடியை வைத்து, மேலே பட்டகத்தில் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பினார்கள். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ‘டக்’கென்று மேலே எழும். 1959இல் வந்த நிகான் எஃப் முதல் கல்யாண போட்டோகிராபர்கள் கழுத்தில் தொங்கியதெல்லாம் இந்த எஸ்.எல்.ஆர். வகைதான். பிலிமுக்குப் பதில் எலெக்ட்ரானிக் சில்லு வந்தபின், சில்லு பார்ப்பதையே பின்புறத் திரையில் காட்டலாம் என்று ஆயிற்று. கண்ணாடிக்கு வேலை போயிற்று. 2008இல் பானசோனிக் ஜி1 என்ற கேமராவோடு, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் வகை கடைகளுக்குப் பரவலாக வரத் தொடங்கியது.

அப்படியானால் மிரர்லெஸ்ஸுக்கும் சட்டைப்பைக் கேமராவுக்கும் வித்தியாசம் கண்ணாடியில் இல்லை. இரண்டிலுமே கண்ணாடி கிடையாது. வித்தியாசம் அந்தச் சில்லின் அளவிலும், லென்ஸைக் கழற்றி மாற்றலாமா என்பதிலும் இருக்கிறது.

பெரிய வகை மிரர்லெஸ்ஸில் சில்லு 36க்கு 24 மில்லிமீட்டர். பார்னாக் வைத்த அதே அளவு! ஒரு பெரிய தபால் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகையில் 23.5க்கு 15.6, ஏறக்குறைய ரெவின்யூ ஸ்டாம்ப். அதற்கடுத்தது 17க்கு 13, புளியங்கொட்டை. சட்டைப்பைக் கேமராவில் பெரும்பாலும் 6க்கு 4.5, ஒரு துவரம்பருப்பு. பரப்பளவைக் கணக்கிட்டால் ரெவின்யூ ஸ்டாம்ப் துவரம்பருப்பைப் போல 13 மடங்கு, தபால் தலை 30 மடங்கு. சில்லு என்பது வெளிச்சம் பிடிக்கும் முற்றம். முற்றம் பெரிதானால் மழைநீர் அதிகம் விழுவதைப் போல வெளிச்சமும் அதிகம் விழும். பகலில் தெப்பக்குளத்தை எடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தை மாதத் தெப்பத் திருவிழா இரவில், விளக்கு வெளிச்சத்தில் தெப்பம் நகரும்போது எடுத்துப் பாருங்கள். துவரம்பருப்புப் படத்தில் இருட்டெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும்.

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. பைக்குள் அடங்கும் உடம்பு, ஆனால் சில்லு மட்டும் 13க்கு 9 மில்லிமீட்டர். சின்னச் சில்லைப்போல நான்கு மடங்கு. விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

எடையையும் சொல்லவேண்டும். சட்டைப்பைக் கேமரா 150 முதல் 300 கிராம். மிரர்லெஸ் லென்ஸோடு அரைக் கிலோவில் தொடங்கி, தூரத்தை இழுக்கும் லென்ஸ் மாட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அதுவும் ஒரு லென்ஸோடு நிற்காது. கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தால் அதற்கேற்ற ரவிக்கை, வளையல் என்று தொடர்வதைப் போலத்தான்.

செல்போன் இருக்கும்போது சின்னக் கேமரா எதற்கு என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலகமே அப்படித்தான் கேட்டது. 2010இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. விழுந்ததில் பெரும்பகுதி சின்னக் கேமராக்கள். உயிர்வாழ்வுச் சான்றையே போன் கேமராவில் முகம் காட்டிக் கொடுக்கும் காலம் இது. ஆனாலும் நம் வயதுக்காரர்களுக்குப் போனில் ஒரு தொல்லை உண்டு. படம் எடுக்கும் நேரத்தில் அழைப்பு வரும், விரல் எங்கோ பட்டு வேறெதுவோ திறக்கும். பொத்தானும் ஜூமும் மட்டும் உள்ள தனிப் பெட்டி கைக்கு நிம்மதி.

ஒரு படம் என்ன செய்யும்?

இவ்வளவு யோசிக்க இதில் என்ன இருக்கிறது, பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அவர்கள் தமிழ்நாடு முழுவதும் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து அட்டையில் ஒட்டி, ஊரும் தேதியும் எழுதி அடுக்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கப்பட்டார். அவர் எங்கள் ஊர் சாமிதான் என்று நிரூபிக்க, அந்த நிறுவனம் 1990களில் எடுத்து வைத்த படம்தான் கைகொடுத்தது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். படம் எடுத்தவர் அதை அலங்காரத்துக்காக எடுக்கவில்லை. நேராக, தெளிவாக, தேதியோடு எடுத்தார். அது சாட்சி சொல்லிற்று.

நம் மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். தூண்கள் வெடித்தன. அதற்குப் பிறகு செல்போனுக்கும் தடை வந்துவிட்டது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் இன்று நம்மில் யாரும் உள்ளே போய்ப் படம் எடுத்து வைக்க முடியாது. முன்னோர் எடுத்தது மட்டுமே கைவசம்.

இன்னொரு பக்கமும் உண்டு. புதுமண்டபத் தூண்களை ட்ரைப் எடுத்தார். ஆனால் நமக்கெல்லாம் புதுமண்டபம் என்றால் தையல் மெஷின் சத்தமும், புத்தகக் கடையும், வளையல் பாசிக் கடையும்தானே? அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தூண்களுக்குப் படம் இருக்கிறது. தூணோரம் உட்கார்ந்து நமக்கு டவுசர் தைத்துக் கொடுத்த மனிதருக்குப் படம் இருக்கிறதா? யாராவது பையில் சின்னக் கேமரா வைத்திருந்து, துணி கொடுக்கப் போன இடத்தில் எடுத்திருந்தால்தான் உண்டு.

வில்லாபுரத்து நண்பர் செய்தது

எங்கள் வில்லாபுரத்தில் என்னைவிடப் பத்து வயது இளைய நண்பர் ஒருவர். அவரும் அரசு ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவர். அகவிலைப்படி நிலுவை வந்தது. அதில் கேமரா வாங்க முடிவு செய்தார். அவருக்கு இரண்டு காரியம் இருந்தது. ஒன்று, சொந்த ஊர்க் கண்மாயின் பழைய மடைக்கல்லில் எழுத்து இருக்கிறது. மடையை இடித்து கான்கிரீட் போடப்போவதாகப் பேச்சு. அதற்கு முன் படம் எடுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். இரண்டு, வீட்டில் அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. வைத்தியம் நடக்கிறது. வெளியே சொல்வதில்லை, ஆனால் அந்த அம்மாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை.

“அண்ணே, ரெண்டுக்கும் ஒண்ணா எது வாங்கலாம்?” என்று கேட்டார்.

அவர் மருமகன் தன் மிரர்லெஸ்ஸைக் கொண்டுவந்து வீட்டில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் போனார். நண்பர் அதைக் கண்ணருகே தூக்கினாலே அந்த அம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். “இந்தப் பீரங்கியை உள்ள வைங்க. அண்ணே, நீங்களாவது சொல்லுங்க” என்று என்னிடம் முறையீடு வேறு. பெரிய கேமரா ஒருவர் முன்னால் நின்றால், உன்னை எடுக்கப்போகிறேன் என்று சத்தம் போட்டுச் சொல்கிறது. நோயில் இளைத்த முகம் அதைத் தாங்காது.

நான் அவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். தம்பி, எதை எடுக்கப்போகிறீர்கள்? அது எவ்வளவு நாள் காத்திருக்கும்? அந்த இடத்தில் அந்த நேரத்தில் கேமரா உங்கள் கையில் இருக்குமா?

கல் காத்திருக்கும். நாளைக்கே இடிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மருமகன் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் போனால் எழுத்தின் பள்ளம் நிழலோடு எழுந்து தெரியும். முக்காலி போட்டு, பக்கத்தில் அடிஸ்கேல் வைத்து, பகுதி பகுதியாக எடுக்கலாம். தஞ்சாவூரில் ட்ரைப் செய்தது அதுதான். வருஷத்தில் நாலு நாள் தேவைப்படும் பெரிய பெட்டியைச் சொந்தமாக வாங்கவேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் இருப்பவர் காத்திருக்கமாட்டார். காலையில் காபியை ஆற்றும்போது ஒரு சிரிப்பு வரும், போய்விடும். அதற்குச் சட்டைப்பையில் இருக்கும் பெட்டிதான் சரி.

நண்பர் சின்னக் கேமரா வாங்கினார். சில்லு கொஞ்சம் பெரிதாக இருக்கும் நடுவகை. மாடியில் கூழ்வற்றல் காய வைக்கும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது, திண்ணையில் தூங்கிப்போனபோது என்று அந்த அம்மாளின் படம் இப்போது நூற்றுக்கு மேல் இருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தங்கச்சியே தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். மடைக்கல்லுக்கும் இரண்டு ஞாயிறு போய் வந்தாயிற்று. எழுத்து தெரிகிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்.

இது எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு என்று சொல்லமாட்டேன். கரைமேல் நின்று அழகர் ஆற்றில் இறங்குவதை நெருக்கமாக இழுத்து எடுக்கவேண்டும், மாடக்குளத்துக் கொக்குகளை எடுக்கவேண்டும், பேத்தியின் அரங்கேற்றத்தை மேடை வெளிச்சத்தில் எடுக்கவேண்டும் என்பவருக்கு மிரர்லெஸ்தான் பொருந்தும். தோளில் தெம்பு இருந்து, கற்றுக்கொள்ளப் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பீரோவில் துணி சுற்றி வைத்து ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைப்பதற்கென்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி, கடைக்குப் போகும்போதும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் எழுத்தனாக இருந்தவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். மாதத்துக்குப் பத்துப் படமாவது காகிதத்தில் போட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் பென்சிலால் தேதி, இடம், படத்தில் இருப்பவர் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். பேனா மை ஊறும், பென்சில் ஊறாது. ட்ரைப்பின் காகிதங்கள் 160 வருஷம் தாண்டியும் இருக்கின்றன. பெயர் எழுதாத படமோ இரண்டு தலைமுறையில் ‘யாரோ ஒரு பாட்டி’ ஆகிவிடும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பெயர் எழுதாத படங்கள் எத்தனை இருக்கின்றன என்று இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அதற்குப் புதுக் கேமரா எதுவும் வேண்டாம்.